நன்னீர் ஏரியில் சுறா வாழுமா?

கேள்வி | 2024 ஜூன் 7

பையனின் பாடப் புத்தகத்தில் ஒரு வரி: மத்திய அமெரிக்காவில் நிகராகுவா ஏரியில் சுறா உண்டாம். கடல் மீனை நல்ல தண்ணீரில் விட்டால் செத்துவிடும் என்றுதான் நான் படித்தது. இது உண்மையா, இல்லை யாரோ கிளப்பிவிட்ட கதையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் | 2024 ஜூன் 7, இரவு

உண்மைதான். அந்தச் சுறாவுக்குக் காளைச் சுறா என்று பெயர். தடித்த உடம்பு, மழுங்கிய மூக்கு, சின்னக் கண். வெப்பக் கடல்களில் எங்கும் இருக்கிறது, நம் கடலிலும் உண்டு. ஆற்றுக்குள் ஏறும், ஏரிக்குள்ளும் போகும். ஆனால் "சுறா நன்னீரில் வாழும்" என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உண்டு. அவற்றில் நல்ல தண்ணீரில் நாள் கணக்காக, மாதக் கணக்காகத் தாக்குப்பிடிப்பவை ஒரு கைக்குள் அடங்கிவிடும். மற்றவை செத்துத்தான் போகும். நீங்கள் படித்ததும் சரி, பையன் படித்ததும் சரி. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

2024 ஜூன் 8

நான் பிறந்தது தூத்துக்குடி. சுறாப் புட்டு செய்யும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். அம்மா சுறாத் துண்டம் வாங்கும்போது முதலில் வெட்டுவாயை முகர்ந்து பார்ப்பார். லேசாக நெடி அடித்தாலும் வாங்க மாட்டார். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் இறக்கி, மணல்தாள் மாதிரி இருக்கும் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்து, சதையைப் பிழிந்து உதிர்ப்பார். நேரம் தப்பினால் சமையலறையில் மூக்கை வைக்க முடியாது.

அந்த நெடி அமோனியா. சுறாவின் ரத்தத்திலும் சதையிலும் யூரியா நிறைய இருக்கிறது. செத்த பிறகு பாக்டீரியா அதை அமோனியாவாக மாற்றிவிடுகிறது. நாமெல்லாம் கழிவென்று வெளியே தள்ளும் யூரியாவைச் சுறா ஏன் உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது? கேள்விக்கான பதிலே அங்கேதான் இருக்கிறது.

மாங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதல்லவா, கடலில் வாழும் சாதாரண மீனுக்கு அதே நிலைமைதான். கடல் அதன் உடம்பைவிடப் பல மடங்கு உப்பு. தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சாளையும் விளமீனும் கடல் தண்ணீரைக் குடித்துக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகின்றன. சுறா வேறு வழியில் போனது. யூரியாவை ரத்தத்தில் ஏற்றி, உள்ளே இருக்கும் சரக்கின் அடர்த்தியைக் கடலுக்குச் சமமாக, சொல்லப்போனால் ஒரு பொட்டு கூடுதலாகவே வைத்துக்கொள்கிறது. அதனால் தண்ணீர் வெளியே போகாது, குடிக்கவும் வேண்டாம். இவ்வளவு யூரியா புரதத்தைக் கெடுக்குமே என்றால், அதை ஈடுகட்ட டிரைமெத்திலமைன் ஆக்ஸைடு என்ற இன்னொரு பொருளையும் சேர்த்து வைத்திருக்கிறது. கடலில் இருந்து உள்ளே புகும் அதிகப்படி உப்பை வெளியேற்றக் குடலின் கடைசியில் தனியாக ஒரு சுரப்பி.

கடலுக்கு இது அருமையான ஏற்பாடு. இதே உடம்போடு ஏரிக்குள் போனால்? வெளியே உப்பே இல்லை, உள்ளே கடலளவு சரக்கு. இப்போது தண்ணீர் உள்ளே பாயும். செவுள் வழியாக நிற்காமல் பாயும். யூரியாவும் உப்பும் கரைந்து போய்க்கொண்டே இருக்கும். சாதாரணக் கடல் மீனைவிடச் சுறாவுக்கு நன்னீர் இன்னும் மோசமான இடம் என்பது இதனால்தான். பெரும்பாலான சுறாக்கள் அங்கே தோற்றுவிடுகின்றன.

2024 ஜூன் 8, பிறகு

காளைச் சுறா மட்டும் எப்படி என்று உடனே கேட்டிருக்கிறார்கள். அது உடம்பின் கணக்கையே மாற்றுகிறது. நான் இப்போது இருக்கும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஊரின் ஆற்றிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கடல் நீரில் இருக்கும் காளைச் சுறாவின் ரத்த அடர்த்தி சுமார் 1,070 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் சரக்கை அளக்கும் அலகு), நன்னீரில் சுமார் 640. யூரியா சுமார் பாதியாக இறங்கிவிடுகிறது. உப்பு தள்ளும் சுரப்பி அடங்குகிறது. சிறுநீரகம் நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கொட்டுகிறது. செவுள்கள் ஆற்று நீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பையும் உறிஞ்சி எடுக்கின்றன.

640 என்பதைக் கவனியுங்கள். நன்னீரில் பிறந்து வளரும் கெண்டையின் ரத்தம் இதில் பாதிகூட இருக்காது. காளைச் சுறா நன்னீர் மீனாக மாறிவிடவில்லை. கடல் மீனாகவே இருந்துகொண்டு, இரவும் பகலும் தண்ணீர் இறைத்துக்கொண்டு, நன்னீரில் தாக்குப்பிடிக்கிறது. அந்த உழைப்புக்குத் தீனி வேண்டும்.

2024 ஜூன் 11

இப்போது நிகராகுவா. அந்த ஊர்க்காரர்கள் கொசிபோல்கா என்று சொல்லும் ஏரி. 8,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. மேற்கே பசிபிக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒடுங்கிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர் நிலம்தான். ஆனால் ஏரியின் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல், கிழக்கே சான் ஹுவான் ஆறாக சுமார் 190 கிலோமீட்டர் ஓடிக் கரீபியன் கடலில் சேருகிறது.

1849இல் அங்கே அமெரிக்கத் தூதராக வந்த எஃப்ரெய்ம் ஸ்குவயர் ஏரிச் சுறாக்களைப் பற்றி எழுதினார். 1877இல் கில், பிரான்ஸ்ஃபோர்டு என்ற இருவர் இது உலகில் வேறெங்கும் இல்லாத தனி இனம் என்று நினைத்து, நிகராகுவாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஒரு விளக்கமும் சேர்ந்துகொண்டது: ஒரு காலத்தில் ஏரி பசிபிக் கடலின் விரிகுடாவாக இருந்தது, எரிமலைகள் வெடித்துக் குழம்பு வழியை அடைத்தது, உள்ளே மாட்டிய சுறாக்கள் தண்ணீர் மெல்ல மெல்ல நன்னீராக மாறும்போது தாங்களும் மாறிக்கொண்டன. கேட்க அழகான கதை. ஏரிக்குள்ளேயே எரிமலைகள் நிற்கும் ஊரில் யாரும் நம்பத்தான் செய்வார்கள். பையனின் புத்தகத்தில் இந்த விளக்கம் இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

1961இல் பிக்லோ, ஷ்ரோடர் என்ற மீன் ஆய்வாளர்கள் ஏரிச் சுறாவையும் கடல் காளைச் சுறாவையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று முடிவு சொன்னார்கள். அப்படியானால் எப்படி வந்தது? ஆற்று வழியாகத்தான். அதை நேரில் நிரூபித்தவர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தாமஸ் தோர்சன். நெப்ராஸ்கா அமெரிக்காவின் நட்ட நடுவில் இருக்கிறது, கடல் கண்ணில் படாத மாநிலம். அங்கிருந்து புறப்பட்டு வந்து 1960களில் இருந்து ஆண்டுக்கணக்கில் ஏரியிலும் ஆற்றின் முகத்துவாரங்களிலும் சுறாவைப் பிடித்து, முதுகுத் துடுப்பில் அடையாளத் தகடு மாட்டி விட்டார். முகத்துவாரத்தில் மாட்டியது ஏரியில் கிடைத்தது. ஏரியில் மாட்டியது முகத்துவாரத்தில் கிடைத்தது. சில சுறாக்கள் 7 முதல் 11 நாட்களுக்குள் அந்த முழு தூரத்தையும் கடந்திருந்தன. 1971இல் வெளியிட்டார். அடைபட்ட விரிகுடாக் கதை அத்தோடு தீர்ந்தது.

எனக்கு இதில் பிடித்தது அவர் கேள்வியை வைத்த விதம். எத்தனையோ பேர் ஏரிக் கரையில் நின்று "இது எப்படி இங்கே வாழ்கிறது" என்று கேட்டார்கள். தோர்சன் "இது இங்கேயேதான் இருக்கிறதா" என்று கேட்டார்.

2024 ஜூன் 12

ஏரி கடல் மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்குமே, சுறா எப்படி ஏறும் என்று ஒரு கேள்வி. உயரம் சுமார் 32 மீட்டர், அதுவும் 190 கிலோமீட்டரில் பரவிய ஏற்றம். அருவி கிடையாது. இடையிடையே பாறைப் படுகையில் தண்ணீர் சீறி ஓடும் இடங்கள் உண்டு. எல் காஸ்தியோ என்ற ஊரில் ஸ்பெயின்காரர்கள் 1670களில் கட்டிய கோட்டைக்கு நேர் கீழே அப்படி ஒன்று. கடற்கொள்ளையரின் படகுகள் அங்கே தடுமாறி நிற்கும் என்றுதான் கோட்டையையே அங்கே கட்டினார்கள். கப்பலுக்குத் தடையான இடத்தைக் காளைச் சுறா நீந்தியே கடந்துவிடுகிறது. டார்ப்பன் என்ற பெரிய கடல் மீனும் அதே வழியாக ஏரிக்கு வருகிறது.

2024 ஜூன் 15

ஏரியில் சுறா என்றால் என் மனதுக்கு முதலில் வருவது நிகராகுவா இல்லை. பிரிஸ்பேனுக்குத் தெற்கே லோகன் ஆற்றங்கரையில் கார்புரூக் என்று ஒரு கோல்ஃப் மைதானம். அதன் நடுவில் ஒரு குளம். 1990களில் அடுத்தடுத்து வெள்ளம் வந்து ஆறும் குளமும் ஒன்றாகிப் பிறகு பிரிந்தன. தண்ணீர் வடிந்தபோது குளத்துக்குள் காளைச் சுறாக் குட்டிகள் மாட்டிக்கொண்டிருந்தன. கணக்கில் வந்தவை 6.

செத்துப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 17 ஆண்டு இருந்தன. 1996 முதல் 2013 வரை, கடலோடு ஒட்டும் உறவும் இல்லாமல், ஒரு கோல்ஃப் குளத்தில். மைதானத்து உறுப்பினர்கள் இறைச்சியும் மீனும் போட்டார்கள். குளத்து மீனும் இருந்தது. குட்டிகளாக வந்தவை பெரிய சுறாக்களாக வளர்ந்தன. ஜெர்மானிய ஆய்வாளர் பீட்டர் கௌஸ்மன் இதையெல்லாம் தொகுத்து 2023இல் கட்டுரையாகவே எழுதிவிட்டார். கேள்வி கேட்டவருக்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது. காளைச் சுறா ஏரியில் வாழும். பல ஆண்டுகள் வாழும்.

2024 ஜூன் 16

நேற்று "வாழும்" என்று எழுதிவிட்டுப் படுத்தேன். காலையில் அந்தச் சொல்லிலேயே மனசு நின்றது. 17 ஆண்டில் அந்தக் குளத்தில் ஒரு குட்டிகூடப் பிறந்ததாகத் தடயம் இல்லை. தின்றன, வளர்ந்தன, சுற்றிச் சுற்றி வந்தன, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு விலங்கு ஓரிடத்தில் உயிரோடு இருப்பதும், அந்த இடம் அதற்கு ஊராக இருப்பதும் வேறு வேறு. காளைச் சுறாவின் வாழ்க்கைச் சுற்று இப்படி: தாய் 10, 11 மாதம் சுமக்கும். முகத்துவாரத்துக்கு வந்து ஈனும். முட்டை இல்லை, குட்டி. ஒரு ஈற்றில் 1 முதல் 13 வரை. குட்டிகள் ஆற்றுக்குள் ஏறிச் சில ஆண்டுகள் அங்கேயே வளரும், ஏனென்றால் அவற்றைத் தின்னும் பெரிய சுறாக்கள் அவ்வளவு தூரம் வருவதில்லை. பெரிதானதும் கடலுக்கு இறங்கும். நல்ல தண்ணீர் அதற்குப் பிள்ளை வளர்க்கும் இடம். நிகராகுவாவிலும் கருவுற்ற தாய்களும் பச்சைக் குட்டிகளும் ஆற்றின் முகத்துவாரப் பக்கம்தான் நிறையக் கிடைத்தன.

ஆகவே என் பதிலைக் கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன். காளைச் சுறா ஏரியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதன் வம்சம் ஏரியில் இருக்காது. கடலுக்கு வழி திறந்திருந்தால்தான் ஏரியில் அடுத்த தலைமுறைச் சுறா.

2024 ஜூன் 20

"நீங்கள் நேரில் பார்த்ததுண்டா?" பார்த்திருக்கிறேன். இந்த ஜனவரியில், இங்கே கோடை. இப்ஸ்விச் பக்கம் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே. கரையில் மாடு மேய்கிற ஊர். வயதான ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். நரம்பு சட்டென்று இறுகியது. கொஞ்ச நேரம் போராடிக் கரைக்குக் கொண்டுவந்தார்.

ஒரு மீட்டருக்கும் குறைவு. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, துடுப்பு நுனிகளில் மட்டும் மை தொட்ட மாதிரி கறுப்பு. அவர் கையை நனைத்துக்கொண்டு அதைப் புரட்டி வயிற்றைக் காட்டினார். இரண்டு மார்புத் துடுப்புகளுக்கும் நடுவே மெல்லிய கோடாக ஒரு தழும்பு, இன்னும் முழுக்க மூடவில்லை. தொப்புள் கொடி அறுந்த இடம். சுறாவுக்குத் தொப்புள் தழும்பு இருக்கும் என்று படித்திருந்தேன், அன்றுதான் பார்த்தேன். பிறந்து சில வாரங்களோ மாதமோ ஆன குட்டி. இவ்வளவு தூரம் தானாக ஏறி வந்திருக்கிறது. அவர் இடுக்கியால் கொக்கியைத் திருகி எடுத்து, வாலைப் பிடித்துத் தண்ணீரில் முன்னும் பின்னும் அசைத்து, அது துள்ளியதும் விட்டார்.

அந்தத் தண்ணீரை நான் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே தெரியவில்லை.

2024 ஜூன் 23

மூன்று கேள்விகள், சேர்த்தே பதில்.

மிச்சிகன் ஏரியில் 1955இல் சுறா கடித்ததாக ஒரு கதை சுற்றுகிறது. ஆதாரம் எதுவும் கிடையாது. காளைச் சுறா மிசிசிப்பி ஆற்றில் வெகுதூரம் ஏறியது உண்மை: 1937இல் இல்லினாய் மாநிலத்து ஆல்டன் ஊரில் ஒன்று பிடிபட்டது, 1995இல் செயின்ட் லூயிஸுக்குக் கீழே ஒரு மின்நிலையத்தின் தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒன்று சிக்கியது. ஆல்டனுக்கும் கடலுக்கும் நடுவில் ஆற்று வழியாக 1,800 கிலோமீட்டருக்கு மேல். அமேசானில் பெருவின் இகித்தோஸ் வரை போயிருக்கிறது, அது 3,500 கிலோமீட்டரையும் தாண்டும். ஆனால் மிச்சிகன் ஏரி குளிர்காலத்தில் பகுதியாக உறையும் இடம். காளைச் சுறா வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு விலகாது.

மேட்டூருக்கு வருமா? வராது. காவிரியில் கல்லணை, கொள்ளிடத்தில் கீழணை, மேலே முக்கொம்பு. ஒரு சுறா ஏறிவர வழியே இல்லை. பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆண்டின் பெரும்பகுதி அங்கே சுறா நீந்தும் அளவுக்குத் தண்ணீரே கிடையாது.

பழவேற்காடு ஏரியைச் சொன்ன நண்பருக்கு: அது கடலோடு வாய் திறந்த உப்பங்கழி. அங்கே சிறு சுறா வந்தால் அதில் வியப்பு இல்லை, இந்தக் கேள்வியின் கணக்கில் அது சேராது.

2024 ஜூலை 2

பனாமாவில் பயானோ ஆற்றுக்குக் குறுக்கே 1976இல் அணை கட்டி முடித்தார்கள். ஆற்றுக்குள் அப்போது இருந்த காளைச் சுறாக்களும், ரம்ப மூக்கு கொண்ட வேளா மீன்களும் அணைக்கு மேலே புதிய ஏரியில் மாட்டிக்கொண்டன. தோர்சன் இன்னொருவரோடு சேர்ந்து இதையும் 1982இல் எழுதினார். மனிதன் கட்டிய ஏரியில் சுறா! கோல்ஃப் குளம் வெள்ளத்தால் நேர்ந்தது, இது காங்கிரீட்டால் நேர்ந்தது. இரண்டிலும் தொடர்ந்து வந்தது ஒன்றே. கீழே இறங்க வழி இல்லை, மேலே ஏறிவரப் புதுக்குட்டி இல்லை. மாட்டியவை இருக்கும் வரை இருக்கும், அவ்வளவுதான்.

குவாத்தமாலாவின் இசபல் ஏரி, மேற்குப் பப்புவாவின் யாமுர் ஏரி ஆகியவற்றிலும் சுறாவும் வேளாவும் பதிவாகியிருக்கின்றன. இசபலில் இருந்து ரியோ துல்சே ஆறு நேராகக் கடலுக்குப் போகிறது. எந்த ஏரியை எடுத்தாலும் அதன் வாயைத் தேடிப் பாருங்கள்.

2024 ஜூலை 6

இதை எழுத எனக்கு மனசு கனக்கிறது, ஆனாலும் எழுதாமல் இந்த இழையை முடிக்கக் கூடாது. பையன் இன்றைக்குக் கிளம்பி நிகராகுவா ஏரிக்குப் போனால் சுறாவைப் பார்ப்பது அரிது.

ஒரு காலத்தில் அங்கே கிரனாடா நகரத்துக் கரையில் நின்றாலே துடுப்பு தெரியும் என்பார்கள். 1970 வாக்கில் வணிக மீன்பிடிப்பு வேகம் பிடித்தது. சோமோசா ஆட்சிக் காலத்தில் கிரனாடாவிலேயே சுறா பதப்படுத்தும் ஆலை நடந்தது. துடுப்பு ஆசியச் சந்தைக்கு, தோலும் கல்லீரலும் இறைச்சியும் வேறு வேறு இடங்களுக்கு. சுறாவை ஏரி முழுக்கத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. எல்லாச் சுறாவும் அந்த ஒரே ஆற்றின் வழியாகத்தான் வந்து போயாக வேண்டும். முகத்துவாரத்தில் வலையை விரித்தால் போதும். ஏறிவரும் இளசு, குட்டி போட வரும் தாய் என்று எல்லாமே அதில் விழும்.

கூடவே வேளாவும் போனது. தலைக்கு முன்னால் ரம்பம் வைத்த இந்த மீன் சுறா அல்ல, திருக்கைக் கூட்டம். காளைச் சுறாவைவிட ஏரியோடு ஒட்டி வாழ்ந்தது இதுதான். ஏரியிலேயே குட்டி போட்டதற்கான அடையாளங்களைத் தோர்சன் கண்டார். ஒரு நன்னீர் ஏரியை உண்மையிலேயே ஊராக்கிக்கொண்டது வேளாதான் என்று சொல்வேன். அந்த ரம்பத்தாலேயே வலையில் முதலில் சிக்குவதும் அதுதான். 1982இல் தோர்சன் இரண்டின் அழிவையும் பற்றி எழுதினார், நிகராகுவா அரசு வேளா பிடிக்கத் தடை போட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு அறுவடை முடிந்திருந்தது. நம் கரையிலும் பரதவர் அந்தக் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாகக் கும்பிட்ட காலம் உண்டு, சங்கப் பாடலில் இருக்கிறது. இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கரையில் ஒரு வேளா இறங்கினால் அது செய்தி.

காளைச் சுறா மெல்ல வளரும் விலங்கு. பருவத்துக்கு வரவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகலாம். சாளை மாதிரி ஒரு நல்ல பருவத்தில் திரும்பிப் பெருகிவிடாது.

2024 ஜூலை 7

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: அந்த ஏரிக்குக் குறுக்கே இரு கடலையும் இணைக்கும் கால்வாய் வெட்ட 2013இல் ஒரு சீன நிறுவனத்துக்கு நிகராகுவா அனுமதி கொடுத்திருந்தது. 2024 மே மாதம்தான் அதை ரத்து செய்தார்கள். கப்பல் போக ஏரியின் நடுவே ஆழமாகத் தோண்டி, மதகுகள் வைத்து, உப்புத் தண்ணீர் கலந்து என்று அது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. சுறாவுக்கு மட்டும் இல்லை, அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் ஊர்களும் கரையில் இருக்கின்றன.

2024 ஜூலை 14

பேச்சு இந்தியாவுக்குத் திரும்பியிருக்கிறது, நல்லது. கங்கைச் சுறா என்று தனியாக ஓர் இனம் உண்டு. காளைச் சுறா அல்ல. 1839இல் முல்லர், ஹென்லே என்ற ஜெர்மானியர்கள் பெயரிட்டார்கள். அருங்காட்சியகங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பழைய மாதிரிகள். கங்கையில் ஆட்களைக் கடித்ததாக இதன் மீது எழுதப்பட்ட பழிகளில் பல, காளைச் சுறாவின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே முகத்துவாரத்தில் திரியும், பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும்.

2016இல் மும்பை மீன்சந்தையில் ஒரு பெண் கங்கைச் சுறா வந்திறங்கியது, 266 சென்டிமீட்டர். ஒரு ஆய்வாளர் கண்ணில் பட்டதால் படமாவது மிஞ்சியது. அரபிக் கடலில் பிடிபட்டது என்றால், கங்கைக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். வேளாவும், புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய பாண்டிச்சேரிச் சுறாவும் அதே பட்டியலில்தான்.

கங்கையின் குறுக்கே 1975இல் ஃபராக்கா தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு மேலே ஒரு கங்கைச் சுறா போக வேண்டும் என்றால் எந்த வழி? பயானோ பற்றி எழுதும்போதே எனக்கு இதுதான் மனதில் ஓடியது. நிகராகுவாவுக்காவது ஒரு தோர்சன் கிடைத்து, போகும் முன்னே என்ன இருந்தது என்று எழுதி வைத்தார். நம் ஆற்றுச் சுறாவுக்கு அப்படி ஓர் ஆண்டுக்கணக்கான கண் கிடைக்கவில்லை. எனக்கு இதில் கோபமே வருகிறது.

2024 ஜூலை 15

"பரிணாமத்தில் எந்தச் சுறாவும் முழு நன்னீர் மீனாக ஆகவே இல்லையா?" கேட்டவருக்குச் சுருக்கமாக: சுறாவின் மிகப் பழைய உறவு ஒன்று ஆகியிருந்தது. ஸெனகாந்த் என்ற கூட்டம், தலைக்குப் பின்னால் முள்ளோடு, விலாங்கு போல நீண்ட உடம்போடு, நிலக்கரி உருவான காலத்துச் சதுப்புகளிலும் ஆறுகளிலும் இருந்தது. டைனோசர்கள் தலைதூக்கிய டிரையாசிக் காலத்தோடு முடிந்தது. இன்று அந்த இடத்தில் இருப்பது தென் அமெரிக்க ஆற்றுத் திருக்கைகள். அவை யூரியா சேர்ப்பதையே விட்டுவிட்டன, உப்புத் தள்ளும் சுரப்பியும் சுருங்கிவிட்டது. கடலில் விட்டால் செத்துவிடும். காளைச் சுறா அந்தக் கதவை மூடிக்கொள்ளவில்லை, இரண்டு பக்கமும் போய்வருகிறது. அதற்காக அது கொடுக்கும் விலையைத்தான் ஜூன் 8 குறிப்பில் எழுதினேன்.

2024 ஜூலை 28

கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றுப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், மீன்சந்தையில் சுறா கண்டால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார். இந்த இழையில் எனக்கு வந்த ஆக நல்ல கேள்வி இதுதான்.

முதலில் முதுகின் இரண்டாவது துடுப்பு, வாலுக்குப் பக்கத்தில் இருப்பது. காளைச் சுறாவுக்கு அது முதல் துடுப்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். கங்கைச் சுறாவுக்குப் பாதி அல்லது அதற்கும் மேல். தூரத்தில் இருந்தே தெரியும். அடுத்து, வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் ஒரு சின்னக் குழி இருக்கும், விரலால் தடவுங்கள். காளைச் சுறாவுக்குப் பிறை வடிவில் குறுக்காக இருக்கும், கங்கைச் சுறாவுக்கு நீளவாக்கில். கண் இரண்டுக்கும் சிறிது, அதை நம்ப வேண்டாம்.

படம் எடுத்தால் பக்கவாட்டில் இருந்து முழு உடம்பும் வரும்படி ஒன்று, இரண்டாவது துடுப்பு தனியாக ஒன்று, வாயைத் திறந்து கீழ்ப்பல் தெரிய ஒன்று. பக்கத்தில் ஒரு அளவுகோலோ, இல்லையென்றால் உங்கள் செருப்போ வையுங்கள். எந்தப் படகு, வலை எங்கே போட்டார்கள், அங்கே தண்ணீர் உப்பா நல்லதா என்று மீனவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கு அது நன்றாகத் தெரியும். சட்டத்தைச் சொல்லி மிரட்டினால் அடுத்த முறை அந்தச் சுறா உங்கள் கண்ணில் படாமலே துண்டாகிவிடும். எந்த நேரத்தில் படம் வந்தாலும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.